பழைய பூச்சிப்பெட்டி, செடித்தாள்கள்: பிடித்தவர் பெயரையும் இனம் கண்டவர் பெயரையும் எப்படிப் பதிவது?

குளுவாங்_முன்னாள்மாணவர்

வணக்கம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத்தில் கைமாறிய ஒரு தோட்டத்தின் ஆபீஸ் ஸ்டோரில் கிடந்த மாதிரிகள் இப்போது எங்கள் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் குழுவிடம் இருக்கின்றன. மூன்று மரப்பெட்டிகளில் ஊசி குத்திய பூச்சிகள் (காண்டாமிருக வண்டு, கூட்டுப்புழு அந்து, வண்ணத்துப்பூச்சிகள்), நாளிதழ்த் தாளுக்குள் அழுத்திய களைகளும் மூடுபயிர்களும் அறுபது தாள் போல, சாராயத்தில் ஐந்து பாட்டில். ஒரு பல்கலைக்கழகமோ அருங்காட்சியகமோ ஏற்றுக்கொண்டால் கொடுத்துவிடலாம் என்று முடிவு.

கொடுப்பதற்கு முன் பெயர்கள் விஷயத்தில் தெளிவு வேண்டும். சில லேபிள்களில் தோட்டக் கண்டக்டரின் (வேலையை மேற்பார்த்தவர்) முழுப்பெயர் இருக்கிறது. சிலவற்றில் இரண்டு எழுத்து முன்னெழுத்து மட்டும். சிலவற்றில் "குளுவாங் 3/5/68" என்பதோடு சரி. பூச்சியைப் பிடித்துக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் வெட்டுக்காரர்கள் (தோட்டத்தில் வெட்டு வேலை பார்த்தவர்கள்), மருந்தடிக்கும் பெண்கள். அவர்கள் பெயர் லேபிளில் இல்லை, ஒரு நோட்டில் மட்டும் இருக்கிறது. இனம் கண்டு விலங்கியல் பெயர் எழுதித் தந்தவர் வேறொருவர்.

மங்கிய லேபிள்களைப் புதிதாக எழுதலாமா? யார் பெயர் எங்கே வர வேண்டும்? பின்னாளில் இணையத்தில் தேடினால் இவர்கள் பெயரோடு மாதிரிகள் கிடைக்கும்படி செய்ய வழி உண்டா?

---

பெட்டிவண்டு

பழைய லேபிளைத் தொடாதீர்கள். மங்கியிருந்தாலும், ஊர்ப் பெயரில் பிழை இருந்தாலும், அது அந்த ஊசியிலேயே இருக்க வேண்டும். புதிதாக நகல் எழுதி மாட்டலாம். மேலே "நகல்" என்று போட்டு, எழுதியவர் பெயரும் ஆண்டும் சேர்த்து, பழையதற்குக் கீழே குத்துங்கள். கையெழுத்தே சில சமயம் யார் பிடித்தார் என்பதற்கு ஒரே சான்று. அழகாக எழுதுகிறேன் என்று பழையதை எடுத்து எறிந்தால் அந்தச் சான்று போயிற்று.

அதற்கும் முன்னால் உறைய வைக்க வேண்டும். ஸ்டோரில் கிடந்த பெட்டி என்றால் காய்ந்த பூச்சியைத் தின்னும் வண்டுப் புழு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கு அடியில் பழுப்புத் தூள் கொட்டியிருந்தால் அதுதான். பெட்டியைத் தடித்த பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வீட்டுப் பிரீசரில் கழித்தல் 18 டிகிரியில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஒரு முழு நாள் வெளியே வைத்துவிட்டுப் பிரியுங்கள். உடனே பிரித்தால் நம் ஊர் ஈரப்பதம் முழுவதும் பூச்சி மேலேயே நீராகப் படியும், ஒரு வாரத்தில் பூஞ்சைதான்.

பிறகு படம். ஒவ்வொரு ஊசிக்கும் தனி எண் சீட்டு வைத்து, பூச்சி, லேபிளின் முன்பக்கம், பின்பக்கம் என்று எடுங்கள். பின்பக்கத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிடித்தவர் பெயரைப் பின்பக்கம் பென்சிலில் எழுதுவது அந்தக் கால வழக்கம். லேபிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கியிருந்தால் பக்கவாட்டில் சாய்த்து எடுத்தாலே பாதி படித்துவிடலாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஊசி முனைப்பக்கம், கீழ்நோக்கி மட்டும், கிடுக்கியால் இழுங்கள். மேல்நோக்கித் தள்ளினால் கால்கள் உதிரும். வரிசை மாறாமல் திரும்பக் குத்துங்கள்.

வரிசை முக்கியம் என்பது இதற்காக: பூச்சிக்கு அடுத்து வருவது இடம், தேதி, பிடித்தவர். அதற்குக் கீழே இனப்பெயர், இனம் கண்டவர், ஆண்டு. இரண்டும் இரண்டு தனித்தனிச் சீட்டு. ஒரே சீட்டில் இரண்டையும் எழுதினால் பத்து வருடம் கழித்து வேறொருவர் இனத்தை மாற்றும்போது எந்தப் பெயர் எதற்கு என்று குழம்பும். பிடித்தவர் மாறமாட்டார். இனம் கண்டவர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறுவார், ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கீழே சேர்ந்துகொண்டே போகும்.

சீட்டுக்கு அமிலமில்லாத பருத்தித் தாள், கொஞ்சம் தடிப்பாக, சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிராம். நிறமி மை உள்ள பேனா, 0.1 அல்லது 0.2 முனை. பால்பாயிண்ட் வேண்டாம். அளவு 18க்கு 8 மில்லிமீட்டர் போல இருந்தால் பக்கத்துப் பூச்சியோடு மோதாது. பாட்டில்களுக்குச் சீட்டு உள்ளே போக வேண்டும். வெளியே ஒட்டியது சாராயம் கசிந்ததும் உரிந்துவிடும், ஐந்து பாட்டிலும் ஊர் பேர் இல்லாமல் நிற்கும். லேசர் பிரிண்ட் சாராயத்தில் செதில் செதிலாக உரியக்கூடும்; உள்ளே போடுமுன் ஒரு சீட்டை ஒரு நாள் ஊறவைத்துப் பாருங்கள். பென்சிலுக்கு அந்தக் கவலையே இல்லை.

"3/5/68" மார்ச்சா மே மாதமா என்று நோட்டில் வேறு சான்று இல்லாவிட்டால் முடிவு செய்யாதீர்கள். தரவில் "1968" மட்டும் போட்டு, லேபிளில் உள்ளதை உள்ளபடி இன்னொரு களத்தில் எழுதுங்கள். இனி நீங்கள் எழுதும் சீட்டில் மாதத்தை ரோமன் எண்ணில் போட்டால் இந்தச் சிக்கலே வராது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். செம்பனை ஆண் பூவில் மொய்க்கும் மூன்று நான்கு மில்லிமீட்டர் கூன்வண்டு, அட்டை முனையில் ஒட்டியது, ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கேமரூனிலிருந்து கொண்டுவந்த அந்த மகரந்த வண்டை மலேசியாவில் முதலில் விட்டது 1981ல், உங்கள் குளுவாங் பக்கத் தோட்டத்தில்தான். அதற்கு முன் பெண் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவும் வேலையைத் தோட்டத்துப் பெண்கள் செய்தார்கள். அந்த முதல் ஆண்டுகளின் தேதியும் பிடித்தவர் பெயரும் உள்ள வண்டு இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

---

செடித்தாள்

பூச்சிக்கு மேலே சொல்லியாயிற்று. செடிகளுக்கு இரண்டு விஷயம் கூடுதல்.

ஒன்று, சேகரிப்பு எண். தாவரவியலில் ஒரு மாதிரியின் அடையாளமே சேகரித்தவர் பெயரும் அவருடைய எண்ணும் சேர்ந்ததுதான். ஒரே செடியிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்த நான்கு தாள்கள் நான்கு ஊருக்குப் போனாலும் எண் ஒன்றே. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் உள்ள ஒரு நிபுணர் அங்கே உள்ள தாளில் இனம் மாற்றினால், இங்கே கெப்போங்கில் உள்ள தாளையும் அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்து மாற்ற முடியும். ஆகவே உங்கள் நோட்டில் எண் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத தாள்களுக்கு நீங்களாக "1, 2, 3" என்று அவர் பெயரில் எண் கொடுக்காதீர்கள். அவர் வேறெங்காவது உண்மையிலேயே 1, 2, 3 என்று எடுத்திருந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். "எண் இல்லை" என்று எழுதுங்கள்; உங்கள் வசதிக்கான எண்ணைத் தனிக் களத்தில், உங்கள் குழுவின் முன்னொட்டோடு கொடுங்கள்.

எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பெயரை விடுவதும் ஆபத்து. கெப்போங் வன ஆய்வு நிலையத்தின் எஃப்ஆர்ஐ வரிசை பலருக்குப் பொதுவானது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பழைய எஸ்எஃப்என் வரிசையும் அப்படியே. எண் நிறுவனத்துக்கு உரியது, செடியை எடுத்தது ஆள். வெறும் எண்ணை மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் அந்த ஆள் காணாமல் போகிறார்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1880களில் பேராக்கில் ஆயிரக்கணக்கான தாள்களைச் சேகரித்தவர் ஹெர்மன் குன்ஸ்ட்லர். கல்கத்தா பூங்காவின் ஜார்ஜ் கிங் சார்பில் எடுத்ததால் லேபிளில் "டாக்டர் கிங்கின் சேகரிப்பாளர்" என்று மட்டும் அச்சடித்திருக்கும். முதலாளியின் பெயர் இருக்கிறது, காட்டுக்குள் போனவரின் பெயர் இல்லை. பின்னால் ஒரு கொடிப் பேரினத்துக்குக் குன்ஸ்ட்லேரியா என்று பெயர் வைத்தார்கள், சரி. ஆனால் இன்றைக்கும் தரவுத்தளத்தில் அவர் பெயரைத் தட்டினால் அந்தத் தாள்களில் பல வராது, "கிங்கின் சேகரிப்பாளர்" என்று தட்ட வேண்டும். உங்கள் பெட்டியில் "தோட்ட நிர்வாகம்" என்று மட்டும் எழுதிய லேபிள் இருந்தால் இதே கதைதான். அதை அப்படியே விட்டு, நோட்டில் உள்ள பெயரைச் சதுர அடைப்புக்குள் சேர்த்துத் தரவில் பதியுங்கள்.

இரண்டாவது, இனம் கண்ட சீட்டு. தாவரத் தாளில் முதன்மை லேபிள் வலது கீழ் மூலையில். புதிய இனச்சீட்டு அதற்கு மேலே அல்லது இடப்பக்கம், காலி இடத்தில். பழைய இனப்பெயரை அடிக்கக் கூடாது, அது தவறு என்று உறுதியாகத் தெரிந்தாலும் கூடாது. சீட்டில் பெயர், பெயரிட்ட ஆசிரியர், "டெட்." போட்டு இனம் கண்டவரின் முழுப்பெயர், ஆண்டு. முன்பே இருந்த இனத்தை ஒருவர் சரிதான் என்று சொன்னால் அதற்கும் ஒரு சீட்டு உண்டு: "கன்ஃப்." போட்டு அவர் பெயர். சரிபார்ப்பதும் உழைப்புதான். படத்தைப் பார்த்து மட்டும் சொன்னார் என்றால் "படத்திலிருந்து" என்று எழுதுங்கள்; அடுத்து வருபவருக்கு எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

ஒட்டுவதற்கு மாவுப் பசை அல்லது மெத்தில் செல்லுலோஸ். செலோடேப் வேண்டவே வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி உரியும், பசை மட்டும் தாளில் தங்கும்.

---

குளுவாங்_முன்னாள்மாணவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். லேபிளில் "ஆர்.எம்." என்று மட்டும் உள்ள இருபது பூச்சிகளுக்கு நோட்டில் இரண்டு பேர் பொருந்துகிறார்கள். பெயரை எப்படி உறுதி செய்வது? அடுத்தது, நோட்டில் வெட்டுக்காரர்கள் பெயர் சில இடத்தில் "சன் ஆஃப்" என்றும் சில இடத்தில் முன்னெழுத்தோடும் இருக்கிறது. தரவுத்தாளில் குடும்பப்பெயர் என்று ஒரு களம் கேட்கிறார்கள். அதில் என்ன போடுவது?

---

லயத்துக்காரன்

குடும்பப்பெயர் களத்தில் அப்பா பெயரைப் போடாதீர்கள் ஐயா. எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு முனியாண்டி த/பெ சுப்பையா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அவரே பழைய லேபிளில் "முனியாண்டி எஸ்/ஓ சுப்பையா". பிந்தைய அடையாளக் கார்டில் "ஏ/எல்" (மலாயில் மகன் என்பதன் சுருக்கம்). கண்டக்டர் சுருக்கமாக எழுதினால் "எஸ். முனியாண்டி". இதைத் தரவுத்தளத்தில் ஏற்றுபவர் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டு "சுப்பையா, எம்." என்று மாற்றிவிடுவார். ஒரே ஆள், நான்கு பேர். கடைசியில் வருவது அவருடைய அப்பா! மகள் பெயரில் "ஏ/பி" வந்தாலும் இதே கதி. சீனர் பெயரில் குடும்பப்பெயர் முதலில் வரும், மலாய்ப் பெயரில் அப்பா பெயருக்கு முன் "பின்" (மகன்) அல்லது "பிந்தி" (மகள்) என்று வரும். அவர்களுக்கும் வேறு மாதிரி இதே தலைவலி.

வழி இதுதான். முழுப்பெயரை ஒரே களத்தில், லேபிளிலோ நோட்டிலோ உள்ள வரிசையில், உள்ளபடி எழுதுங்கள். குடும்பப்பெயர் களத்தைக் காலியாக விடுங்கள். கட்டாயம் என்று தரவுத்தாள் அடம்பிடித்தால் வாங்கும் நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் கேட்டு, இந்த மாதிரிப் பெயர்களுக்கு அவரவர் சொந்தப் பெயரையே அங்கே போட எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எல்லா எழுத்துக் கூட்டல்களையும் வேறு பெயர்கள் களத்தில் போடுங்கள். தமிழ் எழுத்தில் ஒருமுறை கட்டாயம் எழுதுங்கள். சுப்ரமணியத்தை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதினாலும் தமிழில் ஒன்றுதானே.

"ஆர்.எம்." விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத் தோட்டத்துச் செக்ரோல் (வருகைப் பதிவேடு) கிடைத்தால் எடுங்கள். பெரட்டில் (காலை ஆள்கணக்கில்) எந்த மாதம் யார் எந்த டிவிஷனில் வேலை செய்தார் என்று அதில் இருக்கும். இரண்டு "ஆர்.எம்."மில் ஒருவர் 1970ல் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தால், 1972 லேபிள் அவருடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்து கையெழுத்தை, முழுப்பெயர் போட்ட லேபிளின் எழுத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்களைப் பாருங்கள், 7க்குக் குறுக்குக்கோடு போடுகிறாரா, 4 மூடியா திறந்தா. இவ்வளவுக்குப் பிறகும் தெரியாவிட்டால் "ஆர்.எம்." என்றே விடுங்கள். தவறான ஆளுக்குப் பெருமை சேர்ப்பதைவிட இது மேல். அனுமானம் செய்தால் "ஆர்.எம். [அநேகமாக இன்னார், செக்ரோல் 1972ன்படி, அனுமானித்தவர் பெயர், ஆண்டு]" என்று எழுதுங்கள். அப்போதுதான் நாளை ஒருவர் மறுக்க முடியும்.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிடித்துக் கொண்டுவந்தவர் வெட்டுக்காரர் என்றால் முதல் பெயர் அவருடையதுதான் வர வேண்டும். கண்டக்டர் ஊசி குத்தி லேபிள் எழுதியிருக்கலாம், அதற்காக அவர் பிடித்தவர் ஆகிவிட மாட்டார்.

---

செடித்தாள்

@லயத்துக்காரன், மனசுக்குச் சரி, நடைமுறையில் முழுதாகச் சரியில்லை அண்ணே. சேகரிப்பு எண் யாருடைய வரிசையோ அவர் பெயர்தான் முதலில் வர வேண்டும். எண் கண்டக்டருடைய நோட்டில் உள்ளது என்றால், அவர் பெயரை இரண்டாவதாகத் தள்ளினால் "இன்னார் 214" என்ற மேற்கோள் உடைந்துவிடும். இரட்டைத் தாள்கள் ஏற்கெனவே வேறு ஊருக்குப் போயிருந்தால் அவற்றோடு பொருந்தாது.

எண் இல்லாத பூச்சிகளுக்கு நீங்கள் சொல்வது சரி, பிடித்தவர் முதலில். எண் உள்ள செடிகளுக்கு எண்ணுக்குரியவர் முதலில், உடன் எடுத்தவர்கள் அடுத்து, எல்லாரும் சேகரித்தவர் என்ற ஒரே களத்தில். உடன் எடுத்தவரைக் குறிப்புக் களத்தில் தள்ளிவிட்டால்தான் அநியாயம். தேடலில் குறிப்புக் களம் வராது. பெயர்களுக்கு நடுவில் கமா போடாதீர்கள், முன்னெழுத்தோடு குழம்பும். இருபுறமும் இடைவெளி விட்ட செங்குத்துக்கோடு ( | ) போடுங்கள். டார்வின் கோர் என்ற தரவுத்தரம் பரிந்துரைப்பது அதைத்தான்.

மரமேறியவர், வழி காட்டிய ஒராங் அஸ்லி (தீபகற்பத்தின் பழங்குடியினர்), ஊர்ப்பெயரும் பயனும் சொன்னவர்: செடியை எடுக்கும்போது கூட இருந்தால் அவர்களும் அதே களத்தில். ஊர்ப்பெயர் மட்டும் சொன்னவருக்கு லேபிளின் ஊர்ப்பெயர் வரியிலேயே "இன்னார் சொன்னது". சிங்கப்பூரில் தாவரவியலாளர் கார்னர் 1930களில் மரமேறி மாதிரி பறிக்கப் பழக்கிய பெரோக் குரங்குகளைத் தாவரவியல் உலகம் இன்றும் பேசுகிறது. அதே காலத்தில் மரமேறிய மனிதர்களில் எத்தனை பேரின் பெயரைச் சொல்ல முடியும்?

---

லயத்துக்காரன்

எண் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "அதே களத்தில்" என்பதை விட்டுக்கொடுக்க வேண்டாம். இயற்கையியலாளர் வாலஸ் இன்றைய இந்தோனேசியாவின் பாச்சான் தீவில் இருந்தபோது, 1858ல், ஒரு புதுச் சொர்க்கப்பறவையைச் சுட்டுக் கொண்டுவந்தது சரவாக் பையன் அலி. வாலஸே அதை எழுதிவைத்தார். மறு ஆண்டு லண்டனில் வைத்த பெயர் வாலஸுக்கு. பெயரிடுபவர் யாரை வேண்டுமானாலும் கௌரவிக்கலாம், அது அவர் உரிமை. சேகரித்தவர் களம் அப்படி இல்லை, அது நடந்ததைச் சொல்ல வேண்டிய இடம்.

---

தரவுப்புழு

இணையத்தில் பெயரோடு மாதிரி கிடைக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன்.

அடிப்படை: ஜிபிஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவகம் (2001 முதல்) அருங்காட்சியகங்கள் வெளியிடும் பதிவுகளைத் திரட்டுகிறது. பதிவில் சேகரித்தவர் பெயருக்கு ரெகார்டட்பை, இனம் கண்டவர் பெயருக்கு ஐடென்டிஃபைட்பை என்று களங்கள். இவை வெறும் எழுத்துச்சரம். லயத்துக்காரன் சொன்ன நான்கு முனியாண்டிகளும் நான்கு பேராகவே நிற்பார்கள். அதனால்தான் 2020ல் இரண்டுக்கும் ஐடி களங்கள் சேர்த்தார்கள். அவற்றில் ஆளுக்குரிய நிலையான இணைய முகவரியைப் போட வேண்டும். பெயரை எப்படி எழுதினாலும் ஆள் ஒருவரே என்று கணினிக்குத் தெரியும்.

உயிரோடு இருப்பவருக்கு ஆர்க்கிட்: இலவசம், 16 இலக்க எண், அவரவரே பதிவு செய்ய வேண்டும், அவருக்காக நீங்கள் தொடங்கக் கூடாது. அங்கே சொந்தப் பெயர் மட்டும்தான் கட்டாயம், குடும்பப்பெயர் களத்தைக் காலியாக விடலாம். வேறு பெயர்கள் என்ற இடத்தில் எல்லா எழுத்துக் கூட்டலையும், தமிழையும் சேர்க்கலாம். மறைந்தவருக்கு விக்கிதரவு (விக்கிப்பீடியாவோடு சேர்ந்த பொதுத் தரவுத்தளம்). பிறந்த, இறந்த ஆண்டு, எங்கே சேகரித்தார், மாற்றுப் பெயர்கள் எல்லாம் போடலாம். ஆனால் அங்கே பொதுவில் பார்க்கக்கூடிய ஆதாரம் இல்லாத உருப்படியை நீக்கிவிடுவார்கள். ஆகவே முதலில் மாதிரியின் பதிவு பொதுவில் வரட்டும், அதையே ஆதாரமாகக் காட்டி உருப்படி தொடங்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் உழைப்பு வீண். உயிரோடு இருக்கும் தனிமனிதருக்கு விக்கிதரவில் பிறந்த தேதியெல்லாம் போட்டு உருப்படி தொடங்க வேண்டாம்.

இந்த இரண்டு அடையாளத்தையும் மாதிரிகளோடு கோக்கும் தளம் பயோனோமியா. ஆர்க்கிட் கொண்டு உள்நுழைந்தால், ஜிபிஃபில் உங்கள் பெயருக்குப் பொருந்தும் மாதிரிகளைக் காட்டும். ஒவ்வொன்றாக "நான் சேகரித்தேன்" அல்லது "நான் இனம் கண்டேன்" என்று ஏற்கலாம். பிறருக்காகவும், மறைந்தவருக்காகவும் செய்யலாம். தப்பு நடப்பதும் இங்கேதான்: பெயர் பொருந்துகிறது என்று முந்நூறு மாதிரிகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ஆண்டையும் ஊரையும் பாருங்கள். பேராக்கில் சேகரித்த பாதிரியார் ஸ்கோர்டெகினி 1886ல் இறந்தார். அவர் பெயரில் 1890 என்று ஒரு தாள் வந்தால் தேதி தவறா, ஆள் தவறா என்று லேபிள் படத்தைப் பார்த்த பிறகே தொடலாம்.

கவனியுங்கள், உங்கள் மாதிரிகளை வாங்கும் நிறுவனம் ஜிபிஃபில் வெளியிடவில்லை என்றால் பயோனோமியாவில் ஒன்றும் தெரியாது. கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். வெளியிட நாளாகும் என்றால், உங்கள் தரவுத்தாளையும் லேபிள் படங்களையும் ஜெனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில் ஏற்றி ஒரு டிஓஐ (நிலையான இணைய அடையாள எண்) வாங்கிக்கொள்ளலாம், செலவில்லை. அங்கே பங்களிப்பாளருக்குப் பாத்திரம் குறிக்கும் இடத்தில் "டேட்டா கலெக்டர்" என்ற தேர்வு உண்டு. பிடித்தவர்கள் பெயரை அதில் போடுங்கள். தட்டச்சு செய்த உங்கள் குழு "டேட்டா கியூரேட்டர்". எல்லாரையும் ஆசிரியர் வரிசையில் போட்டால் யார் என்ன செய்தார் என்பது மறைந்துவிடும்.

படம் எடுத்து உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் ஆப் பற்றியும் ஒரு வரி, இளையவர்கள் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். அங்கே உங்கள் பதிவு ஆய்வுத்தரம் (பிறரும் இனத்தை ஒப்புக்கொண்ட நிலை) அடைந்து, உரிமம் ஜிபிஃபுக்கு ஏற்றதாகவும் இருந்தால் தானாகவே ஜிபிஃபுக்குப் போகும். ஆனால் சுயவிவரத்தில் காட்டும் பெயரை நிரப்பாவிட்டால் புனைபெயர்தான் போகும். ஆர்க்கிட்டை இணைத்தும் வையுங்கள். ஆப் காட்டும் முதல் பரிந்துரையை அப்படியே தட்டினால், இனம் கண்டவர் என்று பதிவாவது நீங்கள்தான், ஆப் இல்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

---

பெட்டிவண்டு

சட்டம் பக்கம் ஒரு எச்சரிக்கை, சுருக்கமாக. பெட்டியில் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியோ மஞ்சள் பின்னிறகுள்ள பெரிய பறவைச்சிறகுகளோ இருந்தால் தனியாக எழுதி வையுங்கள். தீபகற்பத்தில் 2010ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செத்த மாதிரிக்கும் பொருந்தும். இடம் மாற்றும் முன் பெர்ஹிலித்தானிடம் (வனவிலங்குத் துறை) கேளுங்கள். இவை சைட்ஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் உண்டு. இனம் காண வெளிநாட்டு நிபுணருக்குத் தபாலில் அனுப்பும் யோசனை வேண்டாம்; 2017ன் உயிரியல் வளச் சட்டமும் குறுக்கே நிற்கும். படம் அனுப்பினால் போதும், மாதிரி இங்கேயே இருக்கட்டும்.

நிபுணரைப் பற்றியும் ஒன்று. இனம் கண்டு தருபவர் நேரத்தைத் தருகிறார், பெரும்பாலும் காசு வாங்காமல். நூறு பூச்சிகளை அள்ளி அனுப்பாமல், எண் போட்டு, லேபிளோடு, குடும்ப வாரியாகப் பிரித்து அனுப்புங்கள். அவர் பெயர் ஒவ்வொரு இனச்சீட்டிலும் வரும் என்று முதலிலேயே சொல்லுங்கள். இதை வைத்துக் கட்டுரை எழுதினால், இரண்டு மூன்று பெயர் சொன்னவருக்கு நன்றி வரி போதும். பட்டியலின் பெரும்பகுதி அவர் கண்டது என்றால் இணையாசிரியர் ஆகக் கேளுங்கள். எழுதும் முன் கேளுங்கள், அச்சுக்குப் போன பிறகு கேட்டுப் பயனில்லை.

---

குளுவாங்_முன்னாள்மாணவர்

தெளிவாகிவிட்டது. வெட்டுக்காரர்களில் இருவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள், மற்றவர்களின் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கலாம். பெயரை இணையத்தில் போட அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டுமா? தரவுத்தாளில் கட்டாயம் இருக்க வேண்டிய களங்கள் எவை?

---

தரவுப்புழு

உயிரோடு இருப்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள், ஒரு பக்கம் தமிழில் போதும்: எந்த மாதிரிகள், எந்தப் பெயர் வடிவம், எங்கே தெரியும், வேண்டாம் என்றால் எப்படி எடுக்கச் சொல்வது. பெயரின் எழுத்துக் கூட்டலை அவரே எழுதித் தரட்டும், நீங்கள் ஊகிக்க வேண்டாம். அடையாளக் கார்டு எண், வீட்டு முகவரி எதுவும் தரவில் வரக் கூடாது. மறைந்தவர்களின் பிள்ளைகளிடம் இறந்த ஆண்டைக் கேட்டு வையுங்கள், விக்கிதரவுக்கும் பயோனோமியாவுக்கும் அது தேவை.

களங்கள்: உங்கள் எண்; பெட்டி; வரிசை; லேபிளில் உள்ளது உள்ளபடி (வரி உடைப்போடு); சேகரித்தவர் உள்ளபடி; சேகரித்தவர் விளக்கிய வடிவம்; அவர் ஐடி; சேகரிப்பு எண்; தேதி உள்ளபடி; தேதி ஆண்டு-மாதம்-நாள் வடிவில் (தெரிந்த அளவுக்கு மட்டும்); இடம் உள்ளபடி; இனப்பெயர்; இனம் கண்டவர்; அவர் ஐடி; இனம் கண்ட ஆண்டு; முந்தைய இனப்பெயர்கள் (கண்டவர் பெயரோடு); அனுமானக் குறிப்பு; பதிந்தவர்; பதிந்த தேதி.

இடத்துக்கு வரைபடப் புள்ளி கொடுத்தால் அதற்கும் தனியாகக் கொடுத்தவர் பெயர், ஆண்டு, எத்தனை மீட்டர் துல்லியம் என்ற களங்கள் உண்டு. "குளுவாங்" என்று மட்டும் உள்ள லேபிளுக்கு ஊர் நடுவில் புள்ளி வைத்து 10 மீட்டர் துல்லியம் என்று போடாதீர்கள். தோட்டப் பெயரும் பீல்டு எண்ணும் இருந்தால் அந்தக் காலத்து எஸ்டேட் வரைபடத்தைத் தேடுங்கள். மறுநடவில் பீல்டு எண்கள் மாறியிருக்கும், இன்றைய எண்ணை வைத்துப் பழைய லேபிளைப் படிக்க முடியாது.

முதல் பத்து மாதிரிகளை மட்டும் இப்படி முழுதாக நிரப்பி, வாங்கும் நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு அனுப்பிப் பாருங்கள். களங்களின் பெயரை மாற்றச் சொல்வார்கள், மாற்றிக்கொள்ளலாம். சேகரித்தவர் உள்ளபடி என்ற களத்தை மட்டும் எடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

---

லயத்துக்காரன்

செக்ரோல் தேடும்போது கிராணியின் (தோட்ட எழுத்தர்) பழைய மேசை இழுப்பறையையும் பாருங்கள் தம்பி. பூச்சி பிடித்துத் தந்தவர்களுக்குக் காசு கொடுத்திருந்தால் அந்தச் சிட்டையில் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கும். காண்டாமிருக வண்டுக்கு எண்ணிக்கை பார்த்துக் காசு கொடுத்த தோட்டங்கள் உண்டு.

---

குளுவாங்_முன்னாள்மாணவர்

இழுப்பறையைச் சனிக்கிழமை திறக்கச் சொல்லியிருக்கிறேன். உறைய வைக்க முதல் பெட்டியை இன்றிரவே பையில் கட்டுகிறோம். பத்து மாதிரிகளின் தரவுத்தாள் தயாரானதும் இங்கேயே ஒட்டுகிறேன், பார்த்துத் திருத்துங்கள்.